பரப்பளவுக் கட்டத்தில் ஒரே எண்

கிராம விவரத் தாளில் ‘பரப்பளவு’ என்ற கட்டத்தில் ஒரு எண்தான் ஏறும். இரண்டு போட்டால் மென்பொருள் ஏற்காது. மேற்கு வங்காளத்தின் கோராமாரா தீவுக்கு எந்த எண்ணைப் போட்டேன், ஏன் போட்டேன் என்று அலுவலகத்தில் பல பேரிடம் விளக்கியாகிவிட்டது. யாரும் தப்பென்று சொல்லவில்லை. இருந்தும் அந்த வெற்றிலைக் கொடிக்கால்காரர் கேட்டது மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு கிராமம் என்றால் வருவாய்க் கிராமம். வங்காளத்தில் அதை மௌசா என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஜே.எல். எண் என்று பட்டியலில் ஒரு வரிசை எண், மைலுக்கு 16 அங்குலம் என்ற கணக்கில் வரைந்த வரைபடம். பரப்பளவு வருவாய்ப் பதிவிலிருந்து வருகிறது, பத்து வருஷத்துக்கு ஒருமுறை யாரும் போய்ச் சங்கிலி பிடித்து அளப்பதில்லை. மற்ற ஊர்களில் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஹூக்ளியின் முகத்துவாரத்தில், சாகர் தீவுக்கு வடக்கே, ஆறு இரண்டு பக்கமும் அரித்துத் தின்கிற ஒரு துண்டு மண்ணுக்கு அந்தக் கணக்கு எப்படிச் சரிவரும்? 1975-இல் கோராமாரா சுமார் 8.5 சதுர கிலோமீட்டர். 2012-இல் 4.5-க்கும் குறைவு. பக்கத்தில் இருந்த லோஹாசரா தீவு முழுசாகவே மூழ்கிப்போனது. அங்கிருந்தும் கோராமாராவிலிருந்தும் போனவர்கள் சாகர் தீவில் காலனி காலனியாகக் குடியிருக்கிறார்கள்.

2011 கணக்குப்படி ஆள் சுமார் 5,000. பழைய பரப்பால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 600 பேருக்குப் பக்கம். இன்றைக்கு நிற்கிற மண்ணால் வகுத்தால் 1,100-ஐத் தாண்டும். நாங்கள் செய்தது புயல் பாதுகாப்புத் திட்டத்துக்கான விவரத் தாள். 2021 மே 26, பௌர்ணமி அன்று யாஸ் புயல் வந்தபோது கடல் பொங்கித் தீவுக்குள் ஏறியது. ஓடி ஏற எவ்வளவு மேடு இருக்கிறது, அதில் எத்தனை பேர் நிற்க வேண்டியிருக்கும் என்பதுதான் அந்தத் தாள் சொல்ல வேண்டியது. ஆற்றுக்குள் இருக்கிற நிலத்தில் யாரும் போய் நிற்க முடியாது. ஆகவே சின்ன எண். இதில் எனக்கு அப்போதும் சந்தேகம் இல்லை, இப்போதும் இல்லை என்றே நினைக்கிறேன்.

செயற்கைக்கோள் படம் மட்டும் போதாது. அங்கே கடல் ஓதம் நான்கைந்து மீட்டர் ஏறி இறங்கும். வற்றின நேரத்துப் படத்தில் சேற்றுத் திட்டெல்லாம் நிலம் மாதிரியே தெரியும். அதனால்தான் ஜிபிஎஸ் கருவியோடு கரை நெடுக நடந்தோம். நடந்த இடத்தில் பாதி பழைய கரையே இல்லை. அது உடைந்த பிறகு உள்ளே தள்ளிப் போட்ட வளையக்கரை. அதுவும் ஓரிடத்தில் பிளந்து, மூங்கில் முளையடித்து மண்மூட்டை அடுக்கியிருந்தது. அதை ஒட்டித்தான் அவருடைய கொடிக்கால். சணல்குச்சியும் மூங்கிலும் வைத்து நாலு புறமும் அடைத்து, மேலே வைக்கோல் வேய்ந்திருந்தது. உப்புத்தண்ணீர் ஏறின வரிசைகளில் கொடி கருகி, பிடி கயிறு மட்டும் குச்சியில் தொங்கியது. பக்கத்திலேயே புதுக்கொடி நட்டிருந்தார்.

என்ன செய்கிறோம் என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். அதில் பர்ச்சா, நம் ஊர்ப் பட்டா மாதிரியான நில ஆவணம். அவர் அப்பா பெயர், நம் ஊர் சர்வே எண் மாதிரியான தாக் எண், நிலத்தின் அளவு எல்லாம் தெளிவாக இருந்தன. “நிலம் எங்கே, காக்கு?” என்று கேட்டேன். காக்கு என்றால் சித்தப்பா. கரைக்கு வெளியே, படகு போய்க்கொண்டிருந்த பக்கமாகக் கையைக் காட்டினார்.

“இதையும் சேர்த்துத்தானே எழுதுவீங்க?”

இல்லை, இப்போது இருக்கிற நிலத்தை மட்டும்தான் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று என்னோடு வந்த பையன் கேட்டதற்கு, ஐந்து பேர், மூத்த மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான் என்றார். எப்போது வருவான்? தெரியாது, பூஜைக்கு லீவு கிடைத்தால் வருவான். அப்படியென்றால் நாலு என்று எழுதச் சொன்னேன். அதற்குத்தான் அவர், என்னை அக்கா என்கிற பொருளில் ‘திதி’ என்று கூப்பிட்டு, சொன்னார்:

“தண்ணிக்குள்ள இருக்கிற நிலத்தையும் எழுத மாட்டேங்கறீங்க, உயிரோட இருக்கிற பையனையும் எழுத மாட்டேங்கறீங்க. அப்புறம் எங்க ஊர்னு எதை எழுதறீங்க, திதி?”

நான் விதியைச் சொன்னேன். விதி சரியானதுதான். 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினார்கள், மார்ச் 1 நள்ளிரவு என்பது கணக்கின் நேரம். அந்த நாட்கள் முழுக்க வெளியூரில் இருந்தவரைச் சொந்த ஊரில் எண்ணக்கூடாது, இருக்கிற இடத்தில்தான் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் ஏறிவிடுவார். எங்கள் தாளுக்கும் அதே வழக்கத்தைத்தான் வைத்திருந்தோம்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் விதியைக் கேட்கவே இல்லை. அவருக்கு அந்த நிலம் திரும்ப மேடிடலாம் என்ற எண்ணம் இருந்திருக்கலாம். ஹல்தியா துறைமுகத்துப் பக்கம் நயாசர் தீவு மணல் சேர்ந்து வளர்வதை அந்தத் தீவில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். துறைமுகத்துக்குக் கப்பல் வரும் தடத்துக்காக நீரைத் திருப்பியதால்தான் தங்கள் பக்கம் அரிக்கிறது என்று உறுதியாகச் சொல்பவர்கள் அங்கே நிறைய. மேலே கங்கையில் கட்டிய ஃபராக்கா அணை, மண்கரைகளால் சேறு உள்ளே வராதது, கடல் மட்டம் ஏறுவது என்று காரணம் பல சொல்வார்கள். எதுவானாலும், போனது தன் நிலம் என்பதற்கு அவர் கையில் இருப்பது ஒரு எண். அரசாங்கத் தாளில் பெரிய எண் இருக்கிறவரைக்கும் ‘இவ்வளவு இருந்தது, இவ்வளவு போனது’ என்று கேட்க இடம் இருக்கிறது. என் தாள் மாதிரி சின்ன எண் மட்டும் நிற்கிற தாள்கள் பெருகிவிட்டால், கோராமாரா எப்போதுமே நாலரை சதுர கிலோமீட்டர் தீவுதான் என்று ஆகிவிடும். துல்லியமான எண் இப்படி ஒரு வேலையைச் செய்யும் என்பதை எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

மகன் விஷயம் இதைவிடச் சிக்கல். புயல் இரவில் அவனுக்குத் தங்குமிடம் வேண்டாம், உண்மை. ஆனால் அவன் அனுப்புகிற பணத்தில்தான் அந்தப் புதுக்கொடி நட்டிருந்தது. ஊரில் ஆள் குறைகிறது என்ற எண்ணைப் பார்த்து, இனி இந்தத் தீவுக்குக் கரை கட்டுவது வீண் என்று யாராவது முடிவெடுத்தால், அவன் இல்லாமல் போனதும் அந்த முடிவில் சேரும். அவன் திருப்பூருக்குப் போனதே கரை இல்லாததால்தான் என்பது எந்தக் கட்டத்திலும் ஏறாது.

அலுவலகம் திரும்பி, குறிப்புப் பகுதியில் இரண்டையும் எழுதினேன்: 1975-இன் பரப்பு, வெளியூரில் இருக்கும் ஆட்கள் எத்தனை என்பது. சுருக்கத் தாள் அச்சானபோது குறிப்புப் பகுதி அதில் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்டேன், வடிவமைப்பில் இடமில்லை என்றார்கள். அதற்கு மேல் சண்டை போட்டிருக்கலாமா? போட்டிருந்தாலும் பரப்பளவுக் கட்டத்தில் இருந்த எண் மாறியிருக்காது, மாறவும் கூடாது.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐக் கணக்கின் நாளாக அறிவித்திருக்கிறார்கள். அப்போதும் அந்தப் பையன் பனியன் கம்பெனியில் இருந்தால், திருப்பூரில் ஏதோ ஒரு வார்டில் எண்ணுவார்கள். திருப்பூருக்கு அது சரியான எண். அவன் அப்பா வீட்டில் யாராவது போய் எத்தனை பேர் என்று கேட்பார்கள், அவர் ஐந்து என்பார், கேட்பவர் நாலு என்று எழுதுவார். அங்கே நானே நின்றாலும் நாலு என்றுதான் எழுதுவேன். அவர் கேட்ட கேள்விக்கு என்ன சொல்வேன் என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.