சில்வர் நைட்ரேட்டுக்கு ஒரு தனி பிளேட்

"குப்பைமேனியா? அதைப் போய் யாராச்சும் காசு குடுத்து வாங்குவாங்களா, தண்டவாளத்து ஓரம் போனா கொத்து கொத்தா கெடக்குமே"ன்னு காலேஜ் கேட்டுக்குப் பக்கத்துல கீரை விக்கிற அம்மா கேட்டாங்க. நான் இந்த லேப்ல சேர்ந்த முதல் வருஷம் அது. இப்போ பதினாலு வருஷம் ஆச்சு, டிசம்பர் பொறந்தா அவங்களே கேக்குறாங்க, "இந்த வருஷம் என்ன இலைம்மா?"ன்னு.

நான் தென்சென்னைல ஒரு தனியார் காலேஜ்ல பயோடெக் லேப் அசிஸ்டென்ட். எம்எஸ்சி பசங்க ஜனவரில ப்ராஜெக்ட் ஆரம்பிச்சா பத்து பேர்ல நாலஞ்சு பேர் கண்டிப்பா இலைச்சாறுல சில்வர் நானோபார்ட்டிகிள்தான், அதாவது கண்ணுக்கே தெரியாத அளவு சின்ன வெள்ளித் துணுக்குதான் பண்ணுவாங்க. மூணு மாசத்துல முடிஞ்சுரும், பெரிய மிஷின் வேணாம். நம்ம ஊருக்கு இதுல ஒரு சொந்தமும் இருக்கு, 2004ல புனே நேஷனல் கெமிக்கல் லேபாரட்டரில வேப்பிலைல பண்ணிக் காமிச்சாங்க, 2010ல கிண்டில இருக்குற மெட்ராஸ் யுனிவர்சிட்டி கேம்பஸ்ல இருந்து குப்பைமேனில பண்ணி, தண்ணி மூலமா பரவுற கிருமிங்க மேல டெஸ்ட் பண்ணி எழுதுனாங்க. சின்ன வயசுல சிரங்கு வந்தா ஆயா மஞ்சளோட அரைச்சுப் பூசுன அதே இலை ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைல இருக்குறதைப் பார்த்தப்போ எனக்கு மனசு நெறஞ்சு போச்சு, அன்னிலேர்ந்துதான் இந்த வேலை மேல எனக்கு ஒரு பிடிப்பு.

செய்முறை சமையல் மாதிரிதான். 10 கிராம் இலைய நல்லாக் கழுவி, நறுக்கி, 100 மில்லி டிஸ்டில்டு வாட்டர்ல போட்டு 60லேர்ந்து 80 டிகிரில கால் மணி நேரம் வெச்சு, வாட்மேன் பேப்பர்ல வடிகட்டணும். சில்வர் நைட்ரேட்ங்குற வெள்ளி உப்பு 1 மில்லிமோலார், அதாவது 100 மில்லிக்கு வெறும் 17 மில்லிகிராம், அதுல 90 மில்லி எடுத்து சாறு 10 மில்லி ஊத்தி, வெளிச்சம் படாம ஃபாயில் சுத்தி வெச்சுடணும். வெளிர் மஞ்சளா இருந்தது கொஞ்ச நேரத்துல டிகாஷன் கலருக்கு வந்துரும். இலைல இருக்குற ஃபீனால், ஃபிளேவனாய்டு மாதிரி சரக்கெல்லாம் எலக்ட்ரானைக் குடுத்து சில்வர் அயனை, அதாவது தண்ணில கரைஞ்சிருக்குற வெள்ளிய, உலோகமா மாத்துது, அந்தத் துணுக்கு மேல இருக்குற எலக்ட்ரான் எல்லாம் ஒளியோட சேர்ந்து ஒண்ணா ஆடறதாலதான் அந்த பிரவுன் கலர். எந்த ஒளிய எவ்ளோ உறிஞ்சுதுன்னு காட்டுற யூவி மெஷின்ல வெச்சா 400லேர்ந்து 450 நானோமீட்டருக்குள்ள ஒரு மேடு தெரியும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் கலர் மாற்றம் எனக்கு அலுக்கல.

ஆனா சென்னைத் தண்ணிய நம்பி இதுல இறங்க முடியாது. ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோய், லீவு நாள், ஒரு பொண்ணு போர் தண்ணிலயே சில்வர் நைட்ரேட்டைக் கரைச்சுட்டா. கரைச்ச உடனே பால் மாதிரி வெள்ளையாக் கலங்கிருச்சு, அவ பார்ட்டிகிள் வந்துருச்சுன்னு நெனச்சு சாறையும் ஊத்தி, காய வெச்சு, வெளிய எக்ஸ்ஆர்டிக்கு (எக்ஸ்ரே விட்டு, கோடு விழற கோணத்தை வெச்சு என்ன பொருள்னு கண்டுபிடிக்கிற டெஸ்ட்) அனுப்பி காசும் கட்டிட்டா. ரிசல்ட்ல சில்வருக்கு வர வேண்டிய 38 டிகிரி கோடு சின்னதா நிக்குது, 32 டிகிரில பெருசா ஒண்ணு, அது சில்வர் குளோரைடு. தண்ணில இருந்த உப்பு முக்கால்வாசி வெள்ளிய புடிச்சுக்கிச்சு. கேன் தண்ணியும் வேணாம், அதுலயும் குளோரைடு இருக்கும். அன்னிலேர்ந்து எந்தத் தண்ணி வந்தாலும் ஒரு டெஸ்ட் ட்யூப்ல எடுத்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்ப்பேன், கலங்குனா அதைத் தொடவே விடமாட்டேன்.

இதெல்லாம் திருத்திக்கலாம். என்னை ரொம்ப நாள் தூங்க விடாதது வேற ஒண்ணு.

சில வருஷம் முன்னாடி நொச்சி இலைல பண்ணுன ஒரு பையன், நல்ல கைப்பக்குவம், ஈ.கோலைங்குற குடல் கிருமி மேல 14 மில்லிமீட்டர் சோன் காமிச்சான். முல்லர் ஹின்டன் அகார்னு கிருமி வளர்க்குற ஜெல்லி ஊத்துன பிளேட்ல கிருமியப் பரப்பி, 6 மில்லிமீட்டர்ல குழி போட்டு, சாம்பிளை ஊத்தி 37 டிகிரில ராத்திரி முழுக்க வெச்சா, மருந்து வேலை செஞ்ச இடம் மட்டும் வட்டமா தெளிவா நிக்கும், அதுதான் சோன். அன்னிக்கு ஒரு பிளேட் மீந்திருந்துச்சு. வீணாப் போகுதேன்னு நான் அதுல வெறும் சில்வர் நைட்ரேட்டை அதே அளவு ஊத்தி வெச்சேன். காலைல பார்த்தா அதுல 13. சாறு மட்டும் ஊத்துன குழில ஒண்ணுமே இல்ல. அவன் பார்ட்டிகிளை சென்ட்ரிஃப்யூஜ்ல 12,000 ஆர்பிஎம்ல சுத்தி அடில இறக்கி, மேல் தண்ணியக் கொட்டி, டிஸ்டில்டு வாட்டர்ல மூணு தடவை கழுவி மறுபடி வெச்சோம், 9 தான் வந்துச்சு. அப்போ முதல்ல வந்த 14ல நொச்சி பண்ணுன பார்ட்டிகிள் எவ்ளோ, மாறாம மிச்சம் நின்ன சில்வர் உப்பு எவ்ளோ?

கைடு அந்த பிளேட்டைப் பார்த்தாரு, "இதைப் போட்டா எக்ஸாமினர் கேள்வி கேப்பாரு, விட்டுருங்க"ன்னாரு. தீசிஸ் அந்த பிளேட் இல்லாமயே பைண்டிங் ஆச்சு. நான் வாய் தெறக்கல, லேப் அசிஸ்டென்ட் சொல்லி யாரு கேப்பாங்கன்னு விட்டுட்டேன். பையன் மட்டும் "அக்கா, அப்போ என் பார்ட்டிகிள் வேலை செய்யலையா?"ன்னு கேட்டான், அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

பதில் தேடிப் படிச்சேன், ராத்திரி வீட்டுல சமையல் முடிச்சுட்டு. வெள்ளி கிருமியைக் கொல்றது புதுசு இல்ல, 1880கள்லயே ஜெர்மனில கிரெடேன்னு ஒரு டாக்டர் பொறந்த கொழந்தைங்க கண்ணுல சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டு கண்ணு போகாமக் காப்பாத்தினாரு. கொல்ற வேலைல பெரும்பங்கு அயனோடது, பார்ட்டிகிள் அந்த அயனைக் கொஞ்சம் கொஞ்சமா விடற கிடங்கு மாதிரி. 2013ல ஐஐடி மெட்ராஸ்ல வெளியிட்ட குடிதண்ணி ஃபில்டர் வேலையே அதுதான், சில்வர் நானோபார்ட்டிகிளை ஒரு கூண்டுக்குள்ள புடிச்சு வெச்சு, அயன் மட்டும் அளவா வெளிய வர்ற மாதிரி. சோன் இதுக்கு சரியான தராசும் கிடையாது. அகாருக்குள்ள அயன் ஓடும், பார்ட்டிகிள் அவ்ளோ சுலபமா நகராது, அதனால 9 வந்தா மட்டம்னும் சொல்ல முடியாது, 14 வந்தா ஒசத்தின்னும் சொல்ல முடியாது. திரவத்துல அளவைப் பாதி பாதியாக் குறைச்சுக்கிட்டே போய் எது வரைக்கும் கிருமி வளரலன்னு பார்க்கணும், எம்ஐசின்னு சொல்றது. பிரவுன் கலர் ரீடிங்கைக் கெடுக்கும், அதனால ஒவ்வொரு அளவுலேர்ந்தும் கொஞ்சம் எடுத்து பிளேட்ல தடவி, கிருமி உயிரோட இருக்கான்னு பார்க்குறதுதான் நம்பிக்கை. இதையெல்லாம் அந்தப் பையன்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்.

இப்போ நான் கேக்காமயே செஞ்சுடறேன். எந்த இலையா இருந்தாலும் நாலு குழி: சாறு மட்டும், சில்வர் நைட்ரேட் மட்டும், கழுவுன பார்ட்டிகிள், ஆன்டிபயாடிக். இலை பறிச்ச தேதி, இடம் ரெண்டும் நோட்டுல இருக்கணும், ஏன்னா மழைக்குப் பறிச்ச துளசியும் மே மாசத்துத் துளசியும் ஒரே எடத்துல மேடு காட்டாது. மிச்சம் இருக்குற சில்வர் தண்ணிய சிங்க்ல ஊத்த விடமாட்டேன். பேரு கிரீன் சிந்தசிஸ், ஆனா வெள்ளி வெள்ளிதான், மீனுக்கும் அது விஷம். ஒரு பெரிய பாட்டில்ல சேத்து வெச்சு உப்பு போட்டு அடில படிய வெச்சுடுவேன். இப்போ வந்திருக்குற மேடம் இந்த நாலு குழிய கிளாஸ்லயே சொல்லிக் குடுக்குறாங்க, எனக்கு அது எவ்ளோ பெரிய சந்தோஷம்னு அவங்களுக்குத் தெரியாது.

போன வாரம் காலைல ஆறே முக்காலுக்கு போன். தூதுவளை எடுத்திருக்குற பொண்ணு, குரலே உடைஞ்சு போய், "அக்கா, சில்வர் நைட்ரேட் குழிலயும் சோன் வந்திருக்கு, என்னுதுக்கும் அதுக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், என்ன பண்றது?"

"ரெண்டையும் ஸ்கேல் வெச்சு அளந்து அப்படியே நோட்டுல எழுதும்மா. பிளேட்டை ஆட்டோகிளேவ்ல போட்டு அழிச்சுராத, நான் ட்ரெயின்ல ஏறிட்டேன்"ன்னேன்.