குண்டாஸ் போட்டுவிட்டார்கள்: முதல் 12 நாளில் செய்ய வேண்டியது

வீட்டில் ஒருவர் மீது 'குண்டாஸ்' போட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் ஓடுவது கட்சிக்காரர் வீட்டுக்குத்தான். வட்டச் செயலாளர், கவுன்சிலர், அங்கிருந்து சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர். எல்லோரும் "பேசிப் பார்க்கிறேன்" என்பார்கள். அந்த அலைச்சலில் ஒரு வாரம் போய்விடும். இப்படிப் பல குடும்பங்களோடு சிறை வாசலிலும் உயர் நீதிமன்றத்திலும் நின்று தெரிந்துகொண்டது ஒன்று உண்டு: இந்தச் சட்டத்தில் ஆளை வெளியே கொண்டுவருவது பெரும்பாலும் தேதிகளும் காகிதங்களும்தான். அந்த ஒரு வாரம் திரும்பக் கிடைக்காது.

'குண்டாஸ்' என்று ஊரில் சொல்வது 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14-ஐத்தான். கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர், குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர் என்று இதன் பட்டியல் நீளம். பின்னாளில் திருட்டு வீடியோ, மணல் கடத்தல், சைபர் குற்றம், பாலியல் குற்றம் ஆகியவையும் சேர்ந்தன. மாவட்டத்தில் ஆட்சியரும் மாநகரில் காவல் ஆணையரும் உத்தரவு போடுவார்கள். இது தண்டனை இல்லை, தடுப்புக்காவல். ஆனாலும் விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்க முடியும்.

ஆள் பெரும்பாலும் ஏற்கெனவே வேறு வழக்கில் ரிமாண்டில் (நீதிமன்றக் காவலில்) இருப்பார். உத்தரவைச் சிறையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். காவலில் வைத்த நாளிலிருந்து 5 நாளுக்குள் காரணங்களையும் ஆவணங்களையும் கொடுத்தாக வேண்டும். வழக்கறிஞர்கள் 'புக்லெட்' என்று சொல்வது இதைத்தான். முதல் நேர்காணலிலேயே அதன் நகலை வெளியே கொண்டுவர வழி செய்யுங்கள். உத்தரவின் தேதி, அது கையில் கிடைத்த தேதி, புக்லெட் கிடைத்த தேதி, வீட்டுக்குத் தகவல் வந்த நாளும் விதமும் (போனா, கடிதமா) எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் இவை ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது.

புக்லெட்டை ஒரு பக்கம் விடாமல் புரட்ட வேண்டும். பழைய வழக்குகளை 'அட்வர்ஸ் கேஸ்' என்றும், கடைசியாகக் கைது செய்த வழக்கை 'கிரவுண்ட் கேஸ்' என்றும் சொல்வார்கள். கிரவுண்ட் கேஸில் ஏறக்குறைய ஒரே வாசகம் வரும்: கத்தியைக் காட்டி மிரட்டினார், பொதுமக்கள் அலறியடித்து ஓடினர், கடைகளை அடைத்தனர். காரணம் உண்டு. இருவருக்குள் நடந்த அடிதடி சட்டம் ஒழுங்குப் பிரச்சினை மட்டுமே. தடுப்புக்காவலுக்குப் பொது அமைதியே குலைந்திருக்க வேண்டும். ராம் மனோகர் லோகியா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டது. எனவே எஃப்.ஐ.ஆரிலும் சாட்சி வாக்குமூலங்களிலும் அந்தக் கூட்டமும் ஓட்டமும் உண்மையில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து மொழி. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ரிமாண்ட் உத்தரவையோ காயச் சான்றிதழையோ ஆங்கிலத்திலேயே கொடுத்து, மொழிபெயர்ப்பை விட்டிருப்பார்கள். சில பக்கங்கள் படிக்கவே முடியாத அளவுக்கு மங்கியிருக்கும். பார்ப்பதற்கு இவை அற்பமான குறைகள். ஆனால் அரசியல் சாசனத்தின் 22(5) பிரிவு தரும் முறையிடும் உரிமையே இவற்றால் அடிபடுகிறது. காரணம் என்னவென்று படிக்க முடியாதவர் எப்படிப் பதில் எழுதுவார்? உயர் நீதிமன்றத்தில் பல உத்தரவுகள் ரத்தானது இதே காரணத்தால்தான்.

ஜாமீன் பற்றிய பத்தியைத் தனியாகப் படியுங்கள். "இதேபோன்ற வழக்கில் ஜாமீன் கிடைத்திருக்கிறது, எனவே இவரும் வெளியே வர வாய்ப்புண்டு" என்று எழுதியிருக்கும். ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது அப்படிச் சொன்னால், அந்த இன்னொரு வழக்கின் விவரம் இருக்க வேண்டும். அது உண்மையிலேயே ஒத்த வழக்காகவும் இருக்க வேண்டும். 2011-இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தமிழ்நாட்டுச் சட்டத்தை வைத்தே இதைப் பேசியது. கைதுக்கும் உத்தரவுக்கும் நடுவே விளக்கமில்லாத நீண்ட இடைவெளி இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு ஆபத்தானவர் என்றால் ஏன் அத்தனை நாள் காத்திருந்தார்கள் என்பது நியாயமான கேள்வி.

இனி, உத்தரவை விலக்கக் கேட்கும் முறையீட்டு மனு. உத்தரவு போட்ட அதிகாரிக்கு ஒன்று, மாநில அரசுக்கு (உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை) ஒன்று, அறிவுரைக் கழகத்துக்கு (தடுப்புக்காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் குழு) ஒன்று என மூன்றையும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தராவிட்டால் உத்தரவு காலாவதியாகும். அந்த ஒப்புதல் வரும்வரை ஆட்சியரோ ஆணையரோ தாமே உத்தரவை விலக்கிக்கொள்ளலாம். முதல் 12 நாள் முக்கியம் என்பது இதனால்தான். ஒப்புகையோடு கூடிய தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கைதி சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவும் ஒன்று அனுப்பட்டும். அரசு அந்த மனுவை எந்த நாளில் பெற்றது, எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்ற கணக்கு பிறகு நீதிமன்றத்தில் வரும். விடுமுறை நாட்கள் போக, விளக்கமில்லாத சில நாள் தாமதமே உத்தரவைக் கவிழ்த்ததுண்டு. மனுவே அனுப்பாதவருக்கு இந்த வாதம் கிடையாது. கட்சிக்காரர் பின்னால் அலைந்த குடும்பங்கள் இழப்பது இதைத்தான்.

மூன்று வாரத்துக்குள் வழக்கு அறிவுரைக் கழகத்துக்குப் போகும். ஏழு வாரத்துக்குள் அது அறிக்கை தர வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதாட உரிமை இல்லை. நேரில் பேச விரும்புவதாகவும், வழக்கறிஞர் அல்லாத உறவினர் ஒருவரை உடன் அனுமதிக்க வேண்டும் என்றும் மனுவிலேயே எழுதிக் கேளுங்கள். பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். ஆனால் விட்டுவிடவும் வேண்டாம்.

காவலே சட்டவிரோதம், ஆளை விடுவிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் கேட்பது ஆட்கொணர்வு மனு. அதை மனைவி, தாய், தந்தை யார் வேண்டுமானாலும் போடலாம். சென்னையிலோ, தென்மாவட்டமானால் மதுரைக் கிளையிலோ, இரண்டு நீதிபதிகள் அமர்வில் வரும். விசாரணைக்கு வர மாதங்கள் ஆகும். ஓராண்டுக் காவலில் பாதி அப்படியே கழிந்துவிடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. உள்ளாட்சித் தேர்தலோ பெரிய திருவிழாவோ நெருங்கினால் ஸ்டேஷன் ரவுடிப் பட்டியல் தூசி தட்டப்படுகிறது. பிறகு நீதிமன்றம் ரத்து செய்தாலும், உள்ளே போன மாதங்களுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. இந்தச் சட்டத்தைக் கைதட்டி வரவேற்கும் ஊர்க்காரர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று: குண்டாஸ் ரத்தானாலும் அடிப்படை வழக்கு அப்படியே இருக்கும். அதில் ஜாமீன் இல்லாவிட்டால் ஆள் வெளியே வர முடியாது. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. குற்றப்பத்திரிகை வருவதற்குள் கேட்க வேண்டும். ஆனால் ஜாமீன் மனு நிலுவையில் இருப்பது ரேகா வழக்கின் வாதத்தைப் பாதிக்கக்கூடும். அதனால் எப்போது போடுவது என்பதைக் குண்டாஸைப் பார்க்கும் வழக்கறிஞரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

ரத்து உத்தரவு வந்ததும் நகல் சிறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். ஜாமீன்தாரர்களை முன்பே தயார் செய்து வையுங்கள். வேறு ஊர் வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை இன்னொரு நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) கிடக்கிறதா என்று சிறையிலேயே விசாரித்துவிடுங்கள். அது இருந்தால் எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும் கதவு திறக்காது.