மூடிக்கு அடியில் இருக்கும் வேலை

அக்டோபர் 3

நாளை கடிகாரக் கண்காட்சி திறக்கிறது. விளக்கம் சொல்லும் குழுவில் நானும் இருப்பதால் இன்றே உள்ளே போய்ப் பார்த்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. பாதி வாட்சுகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். டயல் கீழே, மெஷின் மேலே, பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி. வழக்கமாக இம்மாதிரி இடங்களில் டயல்கள் வரிசையாக 10 மணி 10 நிமிடத்தில் நின்றுகொண்டிருக்கும். கேஸையும் வாரையும் பார்த்துவிட்டு வந்துவிடுவோம். இங்கே தினமும் காலையில் சாவி கொடுக்கப் போகிறார்களாம். மிகப் பழையவற்றை மட்டும் தேய்மானத்துக்குப் பயந்து நிறுத்தி வைப்பார்கள், அது சரிதான். மற்றபடி ஓடாத வாட்சைக் காட்டுவதில் என்ன இருக்கிறது?

அக்டோபர் 4

நல்ல கூட்டம். நான் நின்ற மேஜையில், ஸ்பிரிங்கின் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பகுதியான எஸ்கேப்மென்ட்டின் பெரிய மாதிரி ஒன்று, ஒரு முழ உயரத்தில். "இதுல பேட்டரி எங்க இருக்கு?" என்று ஒரு பையன் கேட்டான். அதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது.

சாவி கொடுக்கும்போது டப்பாவுக்குள் சுருண்டிருக்கும் மெயின் ஸ்பிரிங் இறுகுகிறது. அது விரியப் பார்க்கிறது, அந்த விசை பல்சக்கரங்கள் வழியாக முள்ளுக்குப் போகிறது. நடுவில் தடுப்பு இல்லையென்றால் ஸ்பிரிங் ஒரே மூச்சில் அவிழ்ந்து, முட்கள் கிறுகிறுவென்று சுற்றி ஓய்ந்துவிடும். தடுப்பது லீவர். அதன் இரு கைகளிலும் உள்ள மாணிக்கக் கற்கள் எஸ்கேப் வீல் என்ற சக்கரத்தின் பல்லை மாறி மாறிப் பிடித்து, விடுகின்றன. எப்போது விடலாம் என்று சொல்வது பேலன்ஸ் வீல்; அதை முன்னும் பின்னும் ஆட்டிக் கொண்டுவருவது ஹேர் ஸ்பிரிங். ஒவ்வொரு தடவை பல் விடுபடும்போதும் பேலன்ஸுக்கு ஒரு சின்னத் தள்ளு கிடைக்கிறது, ஆட்டம் ஓயாமல் இருக்க. டிக் டிக் என்று கேட்பது இந்தப் பிடியும் விடுதலும்தான்.

பையன் மாதிரியைத் தன் கையாலேயே தள்ளிப் பார்த்தான். போகிற மனசே இல்லை அவனுக்கு.

ஹேர் ஸ்பிரிங்கைச் சுருளாக அமைத்து டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் வெளியிட்டது 1675-இல். லீவர் எஸ்கேப்மென்ட் ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் தாமஸ் மட்ஜ் 1750-களில் கண்டது. இன்றைக்குச் செய்யப்படும் மெக்கானிக்கல் வாட்சுகளில் பெரும்பாலானவை அதே ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. மணிக்கு 28,800 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு 6,91,200. இந்தக் கணக்கைச் சொன்னதும் எல்லோரும் ஒரு தடவை குனிந்து மறுபடி பார்க்கிறார்கள்.

அக்டோபர் 5

இன்று முழுக்க வேலை மேஜைப் பக்கம். செய்து காட்ட வந்திருக்கும் பெரியவர் திருகுகளுக்கு நீலம் ஏற்றினார். பெயின்ட் கிடையாது, சூடு மட்டும்தான். எஃகைச் சூடாக்கினால் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் வளரும்; படலத்தின் தடிமனைப் பொறுத்து நிறம் மாறும்.

முதலில் திருகின் தலையைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றினார். பிறகு ஸ்பிரிட்டில் கழுவினார். அதற்குப் பிறகு விரலால் தொடவே இல்லை, இடுக்கியால் மட்டும். விரல் பிசுக்கு பட்டால் அந்த இடத்தில் நீலம் ஏறாதாம். பித்தளைத் தூள் பரப்பிய சின்னத் தட்டில் திருகை நட்டு, அடியில் ஸ்பிரிட் விளக்கை வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் தலை வைக்கோல் நிறத்துக்குத் திரும்பியது. பழுப்பு, செம்பழுப்பு, ஊதா, எல்லாம் கண்ணெதிரே ஒன்றன்பின் ஒன்றாக. ஊதாவிலிருந்து நீலத்துக்குப் போகிற வேகம்தான் ஆச்சரியம். சுமார் 300 டிகிரி செல்சியஸில் ஆழ்ந்த நீலம் வருகிறது. அந்தக் கணமே எடுக்க வேண்டும். விட்டால் வெளுத்துச் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும், திரும்ப மெருகிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"எத்தனை விநாடி வைக்கணும் ஐயா?" என்று கேட்டேன். "கணக்கு கிடையாது தம்பி. சின்னத் திருகுக்கு ஒரு மாதிரி, பெரிசுக்கு ஒரு மாதிரி. நிறத்தைத்தான் பார்க்கணும்" என்றார்.

அக்டோபர் 7

பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு வாட்சை மைக்கில் வைத்து ஒலிபெருக்கியில் கேட்க வைத்தோம். தொண்டை வலிக்கிறது, இன்று இவ்வளவுதான்.

அக்டோபர் 9

பிரிட்ஜ் எனப்படும் மேல்தகடுகளின் விளிம்பைச் சரித்து மெருகேற்றும் வேலையை இன்று காட்டினார்கள். விளிம்பு நெடுகிலும் 45 டிகிரி சரிவு, ஒரே அகலம், கண்ணாடிப் பளபளப்பு. அராவுவது அரத்தால், கடைசி மெருகு ஜென்ஷியன் செடித் தண்டின் துண்டில் மெருகுப் பசை தடவி. கவனித்துப் பார்க்க வேண்டியது, இரண்டு சரிவுகள் உள்பக்கமாகச் சந்திக்கும் மூலை. சுழலும் கருவி அங்கே போனால் வளைவாகத்தான் வெட்டும். மூலை ஊசி முனையாகக் கூர்ந்து நின்றால், கடைசிக் கட்டத்தை மனிதக் கை செய்திருக்கிறது என்று அர்த்தம். விலையுயர்ந்த வாட்சைப் பார்ப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது என்பது என் கருத்து.

எஃகுப் பாகங்களுக்குக் கறுப்பு மெருகு என்று ஒன்று உண்டு. வெள்ளீயத் தட்டில் வைரத்தூள் பசையைத் தடவி, பாகத்தை அதில் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள், முற்றிலும் சமதளமாகும் வரை. ஒரு கோணத்தில் வெளிச்சத்தை அப்படியே திருப்பும். கொஞ்சம் சாய்த்தால் கரிய கறுப்பு. நடுவில் சாம்பல் நிறம் தெரிந்தால் வேலை முடியவில்லை.

யாருக்கும் தெரியாத அடிப்பக்கத்துக்கு எதற்கு இவ்வளவு என்று ஒருவர் கேட்டார். பிசிறு இல்லாத விளிம்பிலிருந்து உலோகத் துகள் உதிர்ந்து எண்ணெயில் விழாது, அது ஒரு காரணம். இன்னொன்று, ஒருவர் கட்டாயம் பார்ப்பார்: பல வருஷம் கழித்து அதைப் பிரித்து ஓவர்ஹால் செய்யப் போகிறவர். அந்த முகம் தெரியாதவருக்காகச் செய்யும் மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 11

"போன் இதைவிடச் சரியா நேரம் காட்டுதே" என்ற கேள்வி எப்படியும் வரும். வந்தது. உண்மைதான் என்றே சொன்னேன். விநாடிக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸோடு ஸ்பிரிங் போட்டி போட முடியாது; 1969 டிசம்பர் 25 அன்று முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சீக்கோ ஆஸ்ட்ரான் விற்பனைக்கு வந்தபோதே அது முடிந்த கதை. ஆனால் கையில் கட்டிக்கொண்டு நடந்து, குனிந்து, வெயிலிலும் குளிரிலும் திரிந்த பிறகும் நாளுக்கு 5 விநாடிதான் பிசகுகிறது என்றால், ஒரு நாளின் 86,400 விநாடிகளில் 5. மின்சாரமே இல்லாமல், கையால் சரிசெய்த ஒரு சுருளால். கேட்டவர் ஒத்துக்கொண்டாரா தெரியாது, ஆனால் அரை மணி நேரம் மேஜையை விட்டு நகரவில்லை.

அக்டோபர் 12

கூட்டமெல்லாம் டூர்பில்லான் என்ற அமைப்பு உள்ள வாட்சின் முன்னால். பேலன்ஸும் எஸ்கேப்மென்ட்டும் ஒரு கூண்டோடு சேர்ந்து சுழல்வதைப் பார்க்க அழகுதான். கடிகாரக் கலைஞர் பிரெகே 1801-இல் காப்புரிமை பெற்றது, சட்டைப் பையில் நாள் முழுக்க நிமிர்ந்தே கிடக்கும் வாட்சுக்காக. ஈர்ப்பு விசையால் வரும் பிசகு சுழற்சியில் ஈடுகட்டப்படும். மணிக்கட்டு எப்படியும் பல பக்கம் திரும்பிக்கொண்டே இருப்பதால், கைக்கடிகாரத்தில் அதன் தேவை குறைவு.

நான் ஆட்களை மினிட் ரிப்பீட்டர் பக்கம் இழுத்தேன். விளக்கு இல்லாத இருட்டில் நேரம் அறிய உதவியது. பக்கவாட்டு நெம்பைத் தள்ளினால் மணி, கால் மணி, நிமிடம் மூன்றையும் அடித்துச் சொல்லும். 12:59-க்கு வைத்துக் கேட்டோம், அதுதான் நீளமானது: தாழ்ந்த ஒலியில் 12, இரட்டை ஒலியில் 3, உயர்ந்த ஒலியில் 14. அடிகளுக்கு நடுவே இடைவெளி சீராக இருந்தது, ஒன்றோடொன்று மோதவில்லை. இப்படி அமையப் பல நாள் காதால் கேட்டுக் கேட்டு அராவ வேண்டும் என்றார் பெரியவர். அந்தத் தீர்ப்பைச் சொல்வது காதுதான், அதனால் இந்த வேலைக்கு ஆள் கிடைப்பதும் அரிது.

அக்டோபர் 14

உடைந்த பேலன்ஸ் அச்சுக்குப் பதில் புதிது கடைந்தார்கள். உதிரி பாகம் கிடைக்காத பழைய வாட்சுக்கு வேறு வழியில்லை. அச்சின் முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன். பெரியவரோடு வந்திருக்கும் பயிற்சிப் பெண்தான் லேத்தில் உட்கார்ந்தார். முதல் அச்சு முனையில் முறிந்தது. இரண்டாவது பிழைத்தது. மதியத்துக்கு மேல் கோத்து, மாணிக்கக் கல்லில் கண்ணுக்கே தெரியாத அளவு எண்ணெய் வைத்து (அதிகமானால் கல்லை விட்டு வழிந்துவிடும்), லேசாக ஊதினார். பேலன்ஸ் ஆடத் தொடங்கியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மெக்கானிக்கல் கடிகார வேலையை 2020-இல் யுனெஸ்கோ சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் இரண்டுக்கும் பொதுவான மரபாகப் பட்டியலில் சேர்த்தது. நல்ல விஷயம். ஆனால் லேத்தில் உட்காரும் இப்படி ஒரு பெண் இல்லாவிட்டால் பட்டியலால் ஒரு அச்சைக்கூடக் கடைய முடியாது. அடுத்த கண்காட்சியில் காட்சிப் பெட்டிகளைக் குறைத்து வேலை மேஜைகளைக் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மாலையில் ஒரு கல்லூரி மாணவர் எப்படிக் கற்றுக்கொள்வது என்று விசாரித்தார். ஆரம்பத்தில் வாட்சைத் தொடவே விடமாட்டார்கள், ஒரு உலோகத் துண்டைச் சமதளமாக அராவச் சொல்வார்கள் என்றார் அந்தப் பெண். எந்த அரம் வாங்க வேண்டும் என்று மாணவர் கேட்டு எழுதிக்கொண்டார்.