பச்சைக் குறி போட்டுக்கொண்டே படங்களை விட்டுவிட்ட பேக்கப்

ஒவ்வொரு இரவும் வேலை முடிந்ததும் அந்தப் பேக்கப் மென்பொருள் ‘வெற்றி, பிழைகள்: 0’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பச்சைக் குறியையும் போட்டுவிடும். பிழை இல்லை என்பது பொய்யல்ல. தொடவே தொடாத கோப்பில் பிழை எப்படி வரும்?

என் கணினியின் முதல் வட்டு சிறிய எஸ்எஸ்டி. படங்களும் பழைய ஆவணங்களின் ஸ்கேன்களும் அதில் அடங்காததால் அவற்றை இரண்டாவது வட்டுக்கு மாற்றி, பழைய இடத்தில் ஒரு ஜங்ஷனை, அதாவது வேறு இடத்தில் இருக்கும் கோப்புறையைச் சுட்டும் இணைப்பை, வைத்திருக்கிறேன். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் எம்கேலிங்க் /ஜே என்று ஒரே வரியில் முடிகிற வேலை. அதன்பின் எக்ஸ்புளோரருக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் அது சாதாரணக் கோப்புறைதான். பேக்கப் மென்பொருளின் முந்தைய பதிப்பும் அப்படியே நினைத்து, உள்ளே போய் எல்லாவற்றையும் எடுத்துவந்தது. பிறகு புதிய பதிப்பு வந்தது. அதன் வெளியீட்டுக் குறிப்பின் அடியில் ‘இணைப்புகளைக் கையாளும் விதம் மேம்படுத்தப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி. இனி ஜங்ஷனுக்குள் போகமாட்டேன், அது எங்கே சுட்டுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வேன் என்பதுதான் அந்த மேம்பாடு.

இணைப்பை இணைப்பாகவே சேமிப்பதில் தவறில்லை. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற கருவி -ஏ விருப்பத்தோடு இயங்கும்போது அதைத்தான் செய்கிறது; ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளும் அப்படித்தான். ஆனால் அவை அதை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கின்றன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பேக்கப்பின் இயல்பை, கேட்காமல், சொல்லாமல் மாற்றுவது வேறு விஷயம்.

இதன் விளைவு படங்கள் விடுபட்டதோடு நிற்கவில்லை. முந்தைய பதிப்பு எடுத்த நகல்கள் காப்பு வட்டில் பத்திரமாகத்தான் இருந்தன. புதிய பதிப்பு அவற்றைப் பார்த்துப் போட்ட கணக்கு இது: நேற்றுவரை இந்தக் கோப்புறைக்குள் இருந்த படங்கள் இன்று இல்லை, ஆகவே பயனர் அவற்றை நீக்கிவிட்டார். நீக்கப்பட்ட கோப்புகளை 30 நாட்கள் மட்டும் வைத்திருப்பது அதன் இயல்பான அமைப்பு. கெடு முடிந்ததும் நல்ல நகல்களையும் துடைத்துவிட்டது. ‘காலாவதியான பதிப்புகள் அகற்றப்பட்டன’ என்று பதிவேட்டில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது, பச்சை நிறத்திலேயே.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, மீட்டுப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் மீட்டுப் பார்த்தவன்தான். தனியாக ஒரு சோதனைக் கோப்புறைக்குள் மீட்டேன், திறந்தேன், படங்கள் அத்தனையும் இருந்தன. ஆனால் அவை காப்பிலிருந்து வந்தவை அல்ல. மீண்டு வந்தது வெறும் ஜங்ஷன். ஜங்ஷன் தன் இலக்கை டிரைவ் எழுத்து உட்பட முழுப் பாதையாகப் பதிந்து வைத்திருக்கும். ஆகவே அதை எந்த மூலையில் கொண்டுபோய் மீட்டாலும் அது என் இரண்டாவது வட்டில் இருக்கும் மூலப் படங்களையே காட்டும். கண்ணாடியில் தெரிகிற நகைகளை எண்ணிவிட்டுப் பெட்டியைப் பூட்டுவது போன்றது அந்தச் சோதனை.

கேபிள் மாற்றுவதற்காக இரண்டாவது வட்டைக் கழற்றியிருந்தபோது, தற்செயலாக அந்தச் சோதனைக் கோப்புறையைத் திறந்ததால்தான் குட்டு வெளிப்பட்டது. அந்த இடம் கிடைக்கவில்லை என்றது விண்டோஸ். வட்டைத் திரும்ப மாட்டியதும் படங்கள் வந்துவிட்டன. மூலத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. ஆனால் அந்த வட்டு அன்று பழுதாகியிருந்தால் என்னிடம் மிஞ்சியிருப்பது பச்சைக் குறிகள் மட்டுமே.

எனவே, மீட்புச் சோதனையை மூல வட்டு மாட்டியிருக்கும் கணினியில் செய்யாதீர்கள். வேறு கணினியில் செய்யுங்கள், அல்லது மூல வட்டைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். இரண்டும் முடியாது என்றால், மீட்ட கோப்புறையில் டிர் /ஏஎல் /எஸ் என்று கட்டளை கொடுங்கள். ஜங்ஷன், அதைப்போலவே வேறு இடத்தைச் சுட்டும் இன்னொரு வகை இணைப்பான சிம்லிங்க் எல்லாம் தத்தம் பெயரோடும், சுட்டும் இடத்தோடும் பட்டியலாக வரும். லினக்ஸில் ஃபைண்ட் கட்டளைக்கு -டைப் எல் கொடுத்தால் போதும்.

சோதனைக் கோப்புறையை அழிக்கும்போதும் கவனம் தேவை. உள்ளே இருக்கும் ஜங்ஷன் உயிரோடு இருக்கிற உங்கள் மூலத்தைச் சுட்டுகிறது. டெல் /எஸ் போன்ற கட்டளைகள் அதன் வழியே உள்ளே இறங்கி மூலக் கோப்புகளையே அழித்துவிடும். ஆர்எம்டிர் கட்டளையை எந்த விருப்பமும் சேர்க்காமல், ஜங்ஷனின் பெயர்மேல் மட்டும் கொடுத்தால் இணைப்பு மட்டும் போகும். மூலம் அப்படியே இருக்கும். முதலில் இணைப்புகளை இப்படி எடுத்துவிட்டு, பிறகு மற்றதை அழியுங்கள்.

இனி ஆதரவுக் குழு. முதல் பதில், மென்பொருளை மறுநிறுவல் செய்யுங்கள் என்றது. அடுத்தது, பதிவேட்டை அனுப்புங்கள் என்றது. அனுப்பினேன். ‘பதிவேட்டில் பிழைகள் ஏதும் காணப்படவில்லை’ என்று மகிழ்ச்சியோடு பதில் வந்தது. பிழை காட்டாததுதான் என் புகார் என்பதை நான் எத்தனை விதமாக எழுதியும் அது அவர்கள் காதில் ஏறவில்லை. உங்கள் வட்டைப் பரிசோதியுங்கள் என்று இன்னொருவர் எழுதினார். கடைசியில் ஒருவர், அமைப்புகளில் ‘இணைப்புகளைப் பின்தொடர்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் குறியிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

குறியிட்டேன். இரவோடு இரவாகக் காப்பு வட்டு நிரம்பி வழிந்தது.

காரணம் விண்டோஸைக் குடைந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்ததுதான். 2007இல் விஸ்டா வந்தபோது பயனர் கோப்புறைகளின் இடங்கள் மாறின. பழைய மென்பொருள்கள் தடுமாறாமல் இருக்கப் பழைய பெயர்களில் மறைவான ஜங்ஷன்களைப் போட்டு வைத்தார்கள். அவற்றில் ஒன்று, ஆப்டேட்டா\லோக்கல் கோப்புறைக்குள் இருக்கும் அப்ளிகேஷன் டேட்டா. அது சுட்டுவது அதே லோக்கல் கோப்புறையைத்தான். உள்ளே போனால் மறுபடி அப்ளிகேஷன் டேட்டா, அதற்குள் மறுபடி அதே. சாதாரணமாக யாரும் இதில் மாட்டுவதில்லை. பட்டியலிடும் அனுமதியை எல்லோருக்கும் மறுத்து வைத்திருக்கிறது விண்டோஸ். ஆனால் பேக்கப் மென்பொருளுக்குத் தனிச் சலுகை உண்டு. காப்பெடுக்கும் உரிமையோடு இயங்குவதால் அந்த மறுப்பு அதைக் கட்டுப்படுத்தாது. வந்த இடத்துக்கே திரும்பியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு மென்பொருளுடையது. இது பார்க்கவில்லை. ஒரே தற்காலிகக் கோப்புகளை அடுக்கடுக்காக, பாதையின் நீளம் தாங்கும்வரை நகலெடுத்துத் தள்ளியது. என் ஆவணக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் மை பிக்சர்ஸ், மை மியூசிக் போன்ற ஜங்ஷன்களையும் பின்தொடர்ந்து, படங்களையும் பாடல்களையும் இரட்டிப்பாக்கியது.

அந்த ஆழமான குவியலை அழிப்பது தனிப் பாடு. 260 எழுத்துகளைத் தாண்டிய பாதை என்பதால் எக்ஸ்புளோரர் கையை விரித்துவிட்டது. விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கருவியான ரோபோகாப்பிதான் கைகொடுத்தது: ஒரு காலிக் கோப்புறையை உருவாக்கி, அதை /எம்ஐஆர் விருப்பத்தோடு அந்தக் குவியலின் மேல் பிரதியெடுத்தால், மூலத்தில் இல்லாததையெல்லாம் அது நீக்கிவிடும், பாதையின் நீளம் அதற்குப் பொருட்டல்ல. அதற்கு முன் டிர் /ஏஎல் /எஸ் போட்டு, குவியலுக்குள் உண்மையான இணைப்பு ஏதும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். குவியலின் பாதைக்குப் பதில் வேறு கோப்புறையின் பாதையைத் தவறித் தட்டச்சு செய்தால் அந்தக் கோப்புறையே காலியாகிவிடும் கட்டளை இது. முதலில் /எல் சேர்த்து, என்ன செய்யப்போகிறது என்று பட்டியலை மட்டும் பார்ப்பது நல்லது.

இதை எழுதியதும் ஆதரவுக் குழு மறு கோடிக்குப் போனது: அப்படியானால் இணைப்பு அடையாளம் உள்ள எல்லாவற்றையும் விலக்கிவிடுங்கள் என்றார்கள். இது இன்னும் ஆபத்து. விண்டோஸில் ரீபார்ஸ் பாயிண்ட் என்ற அதே அடையாளத்தை ஜங்ஷனும் சிம்லிங்க்கும் மட்டுமல்ல, கோப்புறையாக மாட்டப்பட்ட தனி வால்யூம்களும் (வட்டுப் பகுதிகளும்), தேவைப்படும்போது மட்டும் இறங்கிவரும் மேகச் சேமிப்புக் கோப்புகளும்கூடத் தாங்கி நிற்கலாம். கண்மூடித்தனமாக விலக்கினால் அவையும் சேர்ந்து போகும்.

வாதம் பயன்படவில்லை என்று தெரிந்ததும், சோதனைக்கென்றே சிறிய கோப்புறை ஒன்றை உருவாக்கினேன். அதற்குள் ஒரு உண்மையான கோப்புறை. இன்னொரு வட்டைச் சுட்டும் ஜங்ஷன். தன் தாய்க் கோப்புறையையே சுட்டும் ஜங்ஷன். இலக்கு இல்லாமல் அறுந்துபோன சிம்லிங்க். உண்மையான கோப்புறையிலும் ஜங்ஷன்கள் சுட்டும் இடங்களிலும் ஒரே ஒரு எழுத்துக் கோப்பு. இதைப் பின்தொடர்ந்தும், பின்தொடராமலும் காப்பெடுத்து, இரண்டு விளைவுகளையும் திரைப்பிடிப்புகளாக எடுத்து அனுப்பினேன். விஷயம் முதல்முறையாக ஒரு பொறியாளரின் மேசைக்குப் போனது. சுழற்சியைக் கண்டுபிடிக்கத் தவறுவது வழு என்று அவர் ஒரே வரியில் ஒப்புக்கொண்டார். இணைப்புகளைத் தவிர்த்துவிட்டு ‘வெற்றி’ என்று காட்டுவது மட்டும் ‘வடிவமைப்பின்படியே’ இருக்கிறதாம்.

ஒரு பேக்கப் மென்பொருளைச் சோதிக்க இந்தச் சிறு கோப்புறையைவிடச் சிறந்தது எதையும் நான் பார்க்கவில்லை. புதிய மென்பொருளுக்குப் போகும்போதும், இருக்கும் மென்பொருளின் பதிப்பு மாறும்போதும் இதை ஓட்டிப் பாருங்கள். சிம்லிங்க்கை மீட்கும்போது உரிமை போதவில்லை என்று பிழை வந்தால், நிர்வாகியாக இயக்கிப் பார்க்க வேண்டும். சிம்லிங்க் உருவாக்குவதற்கு விண்டோஸ் இயல்பான அமைப்பில் அந்த உரிமையைக் கேட்கிறது. ஜங்ஷனுக்கு அது தேவையில்லை.

இப்போது பின்தொடரும் பெட்டியில் குறியில்லை. ஜங்ஷன் வெறும் சுட்டியாகவே சேமிக்கப்படட்டும். அதற்குப் பதில், இரண்டாவது வட்டில் இருக்கும் உண்மையான கோப்புறையையே பட்டியலில் தனி மூலமாகச் சேர்த்துவிட்டேன். இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. திறந்திருக்கும் கோப்புகளையும் காப்பெடுக்க உதவும் விண்டோஸின் ஷேடோ காப்பி ஒவ்வொரு வால்யூமுக்கும் தனித்தனியாக எடுக்கப்படுவது; இணைப்பின் வழியே வேறு வட்டுக்குத் தாவும் மென்பொருள் அந்த வட்டுக்கும் அதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. நேரடி மூலமாகச் சேர்த்தால் அந்தச் சந்தேகம் இல்லை. நீக்கப்பட்ட கோப்புகளுக்கான கெடுவையும் ‘ஒருபோதும் இல்லை’ என்று மாற்றிவிட்டேன். இடம் போனால் போகட்டும். மூலத்தில் இருக்கும் கோப்புகளின் எண்ணிக்கையை முதலில் குறித்துக்கொண்டு, மூல வட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மீட்டதின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பொருந்தியது.

லினக்ஸில் ஆர்சிங்க் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று: மூலமாகக் கொடுக்கும் பாதையே ஒரு சிம்லிங்க் என்றால், கடைசியில் சாய்கோடு இல்லாமல் -ஏ மட்டும் கொடுத்தால் இணைப்பு மட்டுமே நகலாகும். சாய்கோடு போட்டால்தான் உள்ளடக்கம் வரும். பின்தொடரச் சொல்லும் பெரிய எழுத்து -எல் விருப்பம் மரத்தின் உள்ளே இருக்கும் எல்லா இணைப்புகளையும் பின்தொடரும். தேவை ஒன்றுக்கு மட்டும் என்றால் அதைத் தொடாதீர்கள்.

என் புகாரை ஆதரவுக் குழு ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டது. தவிர்க்கப்பட்ட இணைப்புகளின் எண்ணிக்கையையாவது அந்தப் பச்சைக் குறிக்குப் பக்கத்தில் காட்டுங்கள் என்று எழுதி, மறுபடி திறந்து வைத்திருக்கிறேன்.