வீட்டுப் பிள்ளையாக ஓராண்டு

ரோட்டரி என்னும் சேவை அமைப்பின் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் அயல்நாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு மாணவருக்கும், அவரை ஏற்கும் சங்கம் ஓர் ஆலோசகரை நியமிக்க வேண்டும். அந்த ஆலோசகர் மாணவர் தங்கும் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது என்பது விதி. தங்கியிருக்கும் வீட்டைப் பற்றியே ஒரு குறை சொல்ல நேர்ந்தால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும் என்று யோசித்து வைத்த விதி அது என்பதால், அதன்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. சேலத்தில் உள்ள எங்கள் சங்கம், பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்திலிருந்து வந்த 16 வயது மாணவி ஒருவரை ஒரு கல்வியாண்டுக்கு ஏற்றபோது, அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். உலகெங்கும் உள்ள ரோட்டரி சங்கங்களில் பெண்களும் உறுப்பினராகலாம் என்ற முடிவு 1989-இல்தான் எடுக்கப்பட்டது. அதற்கு முன் இப்படி ஒரு பெண்பிள்ளை நம் ஊருக்கு வந்திருந்தால், சங்கத்துக்குள் அவள் மனம்விட்டுப் பேச ஒரு பெண் உறுப்பினர்கூட இருந்திருக்க மாட்டார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

காகித வேலைகள் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டன. வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதை அரசுக்குத் தெரிவிக்கும் 'சி' படிவம் பதிய வேண்டியிருந்தது; 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. வங்கியில் படிவங்களோடே வாழும் எனக்கு அது சிரமமாக இல்லை. உண்மையான பணி அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

முதலில் அவள் தங்கிய வீட்டார் ஜவுளி வியாபாரம் செய்பவர்கள்; ஊரில் நல்ல பெயர் உள்ள குடும்பம். அவர்களின் மகன் இதே திட்டத்தின்கீழ் ஜெர்மனிக்குப் போயிருந்ததால், அவன் அறையையே அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். சாப்பிட்ட தட்டை அவள் எடுக்க விட்டதில்லை. அடுத்த தெருவுக்குப் போவதென்றாலும் துணைக்கு ஓர் ஆள் போவார். அவள் வாய் திறந்து கேட்பதற்குள் கேட்கப்போவது எதிரே வந்துவிடும். ஒரு மாலை வங்கி முடியும் நேரத்தில் என்னைப் பார்க்க வந்தவள், "ஆன்ட்டி, அவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டாள். அவள் வீட்டில் பாத்திரம் துலக்குவதும் தம்பியைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் அவளுடைய வேலைகள். இங்கே ஒரு வேலையும் தராததை, தன்னை அவர்கள் வெளியாளாகவே வைத்திருக்கிறார்கள் என்பதற்கான அடையாளமாக அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாவிடம் இதை முறையீடாகக் கொண்டுபோக முடியாது. அவர் தம்மால் இயன்ற அத்தனையும் செய்துகொண்டிருந்தார். பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தபோது, "பொண்ணு வந்த இடத்துல பாத்திரம் கழுவுதுன்னு அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சா நம்மள என்ன நினைப்பாங்க?" என்று கேட்டார். அவர் மகன் ஜெர்மனியில் என்ன செய்கிறான் என்று நான் விசாரித்தேன். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மேசையைச் சுத்தம் செய்வது அவன் பொறுப்பு என்று பெருமையோடு சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். மறுவாரம் அந்த வீட்டில் துணி மடிப்பதும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவள் வேலையாயின. அடுப்படிக்குள் நுழைய இன்னும் சில வாரங்கள் பிடித்தன.

பள்ளியிலும் இதே நிலைதான். பிளஸ் ஒன் வகுப்பில் அவள் எழுதும் தேர்வுக்கு அவள் நாட்டில் பெரிதாகப் பயன் இல்லை என்பதால், எந்த ஆசிரியரும் அவளைக் கேள்வி கேட்பதில்லை. மரியாதையோடு ஒதுக்கி வைத்திருந்தார்கள். வகுப்பாசிரியையைச் சந்தித்து, வகுப்பறையைக் கூட்டும் முறையிலும் அவள் பெயரைச் சேருங்கள் என்று கேட்டேன். அவர் தயங்கித்தான் சேர்த்தார். அவளுக்குத் தோழிகள் கிடைத்தது அதற்குப் பிறகுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

டிசம்பர் மாதம் மிகக் கடினமாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு அவள் ஊரில் குடும்பம் முழுவதும் கூடும். அந்த நாளில் நாங்கள் ஏற்பாடு செய்ய நினைத்த பெரிய விழாவை அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டு, தன் பாட்டி செய்யும் 'பாவ் டி கேஜோ'வைத் தானே செய்ய அனுமதி கேட்டாள். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுடும் சிறு உருண்டைகள் அவை. மாவுக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டவளிடம், சேலம் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் பெயர் போன மாவட்டம் என்று சொன்னபோது அவளால் நம்ப முடியவில்லை. மரவள்ளிக்கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். அவள் மண்ணின் கிழங்கு இங்கே வயல் வயலாக விளைந்து நிற்பதை ஆத்தூர் பக்கம் அழைத்துப்போய்க் காட்டினேன். கிறிஸ்துமஸ் அன்று அந்த ஜவுளிக்காரர் வீட்டு அடுப்படி முழுவதும் அவள் பொறுப்பில் இருந்தது. அந்த அம்மா மாவு பிசைந்து கொடுத்தார்.

ஜனவரியில் அவளை இரண்டாவது குடும்பத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஒரு மாணவர் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் தங்குவது இத்திட்டத்தின் வழக்கம். ஒரே வீட்டின் பழக்கத்தை ஊரின் பழக்கமென்று அவர் எண்ணிவிடக் கூடாது என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் முதல் வீட்டு அம்மா, தம்மிடம் என்ன குறை கண்டீர்கள் என்று என்னிடம் அழுதார். விதியை விளக்கிச் சொன்னதால் அவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. ஞாயிறுகளில் அவள் அங்கே சாப்பிட வருவாள் என்று இரு குடும்பங்களையும் பேச வைத்த பிறகே சமாதானமானார். இரண்டாவது வீட்டில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வந்த மறுநாளே வீட்டுச் சாவி ஒன்றை அவள் கையில் கொடுத்து, பால்காரரிடம் பால் வாங்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதைச் சொல்ல அவள் எனக்குத் தொலைபேசியில் அழைத்தபோது இருந்த உற்சாகம், சங்கத்தின் பாராட்டுக் கூட்டத்தில்கூட அவள் குரலில் இருந்ததில்லை.

அடுத்து வரும் மாணவருக்கு மூன்று குடும்பங்கள் வேண்டும் என்று சங்கத்தில் சிலர் கருதுகிறார்கள். இரண்டு போதும் என்பது என் கருத்து. நம் வீடுகளில் வந்தவரை உபசரிப்பதை நிறுத்தி வேலை சொல்லத் தொடங்குவதற்கே வாரங்கள் பிடிக்கின்றன. மூன்று வீடுகளில் தங்க வைத்தால் அந்தப் பிள்ளை ஆண்டின் பெரும்பகுதியை விருந்தாளியாகவே கழிக்க நேரும். குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவத்தில் அறை, கழிப்பறை, வாகன வசதி குறித்த கேள்விகளோடு, 'உங்கள் வீட்டில் இவருக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்?' என்ற கேள்வியையும் சேர்க்கச் சொல்லிச் செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன்.