அம்பாசிடர் டேங்குக்குள் மின்சாரப் பம்ப்: வம்பெல்லாம் ரிட்டர்ன் லைனில்தான்

கல்லாறு தாண்டி, பர்லியாறு தாண்டி, குன்னூர் வரைக்கும் வண்டி ஒருமுறைகூட இருமவில்லை. சித்திரை வெயில், உள்ளே நான்கு பேர், டிக்கி நிறையச் சாமான், முன்னால் ஊர்ந்துபோகும் சரக்கு லாரி. ஏற்றத்தில் பெரும்பகுதி இரண்டாம் கியர்தான். கோடை தோறும் இதே சாலையில் ஓரங்கட்டி, இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றி, ஆறும்வரை காத்திருந்து ஏறிய வண்டி இது. மார்க் 4 அம்பாசிடர், 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் எஸ்.யூ. கார்புரேட்டர். டேங்குக்குள் மின்சாரப் பம்ப் வைத்ததில் கிடைத்த இந்த வெற்றியை எழுதாமல் இருக்க முடியவில்லை.

டேங்குக்குள் எதற்கு, வெளியே ஒரு மின்சாரப் பம்ப் போதாதா என்று பலரும் கேட்டார்கள். போதாது என்பதே என் கட்சி. பம்ப் வெளியே இருந்தால் டேங்கிலிருந்து உறிஞ்சித்தான் ஆக வேண்டும். வண்டியோடு வந்த மெக்கானிக்கல் பம்ப் (இன்ஜின் சுழற்சியால் இயங்குவது) இன்ஜின் பக்கத்தில் இருந்துகொண்டு, வண்டியின் மறுகோடியில் உள்ள டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும்; அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். பெட்ரோலின் லேசான பகுதி 35 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கிவிடும். இன்ஜின் சூடும் மலை உயரமும் சேர்ந்தால் குழாயில் ஓடுவது பெட்ரோல் அல்ல, ஆவி. போதாக்குறைக்கு எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய பம்புக்குள் உள்ள ரப்பர் டயாப்ரத்துக்கு (சவ்வுக்கு) அது ஆகாது. டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயில் சம்பில், அதாவது இன்ஜின் ஆயில் தேங்கும் அடித்தொட்டியில், இறங்கும். மூழ்கிக் கிடக்கும் பம்போ உறிஞ்சுவதே இல்லை, தள்ளுகிறது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை குழாய் முழுதும் அழுத்தத்தில் இருப்பதால் ஆவிக்கு இடம் குறைவு.

டேங்கை இறக்கியதையும் கழுவியதையும் விரிவாகச் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: உள்ளே ஆவி தங்கியிருப்பதால், காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. கழுவிய பிறகும் தண்ணீர் நிரப்பி வைத்தே துளை போட்டோம். கிரைண்டரும் வெல்டிங்கும் டேங்கின் பக்கமே வரவில்லை. 85 மி.மீ. துளை, உட்புறம் ஓரிடத்தில் வெட்டிய வளையத்தைத் திருகி நுழைத்து, அதன் ஸ்டட்களின்மேல் அலுமினிய மூடியை இறுக்கியிருக்கிறோம். கோவை கணபதியில் உள்ள லேத் பட்டறையில் கடைந்த அந்த மூடி கடையில் விற்கும் எதையும் விட அழகு.

பம்ப், சிறிய ஹேட்ச்பேக் கார்களில் வரும் 38 மி.மீ. உருளை. 3 பார் அழுத்தத்திலும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்றுமண்டல அழுத்தம்) மணிக்கு 80 லிட்டருக்கு மேல் தரும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலைத் தடுத்து நிறுத்தும் நீடில் வால்வு தாங்குவதோ 0.2 பார். இங்கேதான் மொத்த வம்பும் தொடங்கியது.

பம்ப் தருவது ஓட்டம். அழுத்தத்தை உண்டாக்குவது வழியில் உள்ள தடை. இது மண்டையில் ஏறினால் மற்றதெல்லாம் விளங்கும். வழக்கமான முறையில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை இன்ஜின் அறையில் வைத்து, மீதிப் பெட்ரோலை ரிட்டர்ன் லைன் எனும் 6 மி.மீ. குழாய் வழியே டேங்குக்குத் திருப்பி அனுப்பினோம். ரெகுலேட்டர் திருகை எவ்வளவு தளர்த்தினாலும் அழுத்தம் 0.4 பாருக்குக் கீழே வர மறுத்தது. மேடேறும்போது ஒன்றும் தெரியாது, சிக்னலில் நின்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் அறையான ஃப்ளோட் சேம்பர் வழியும். ரெகுலேட்டர் பழுது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதில் ஒரு பழுதும் இல்லை.

கணக்குப் போட்டால் புலப்படும். இந்த இன்ஜின் முழு வேகத்தில் குடிப்பது மணிக்குச் சுமார் 15 லிட்டர். வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும் ஐடிலிங்கில் ஒரு லிட்டர் அளவே. இந்தக் குறைந்த அழுத்தத்தில் பம்ப் தள்ளும் நூறு லிட்டரில் ஏறக்குறைய அத்தனையும் திரும்பிப் போக வேண்டும். 6 மி.மீ. குழாயின் உள்விட்டம் 4.6 மி.மீ.தான். மூன்றரை மீட்டர் நீளத்துக்கு அதில் மணிக்கு நூறு லிட்டர் ஓட, உராய்வுக்கு மட்டுமே 0.24 பார் வேண்டும்! ரெகுலேட்டர் வாயை எவ்வளவு திறந்தால் என்ன, வாசலுக்கு வெளியே தெரு முட்டுச்சந்து. உள்விட்டம் 6.5 மி.மீ. ஆனால் அதே ஓட்டத்துக்கு 0.05 பாருக்கும் குறைவாகவே ஆகும். விட்டத்தில் சிறு வித்தியாசம், இழப்பில் ஐந்து மடங்கு.

ஆனாலும் தடித்த ரிட்டர்ன் குழாய் போடவில்லை. நூறு லிட்டரையும் இன்ஜின் சூட்டில் காட்டித் திரும்பக் கொண்டுவந்தால் டேங்கும் சூடேறும். எனவே ரெகுலேட்டரைப் பின்னால், டேங்கின் பக்கத்துக்கே கொண்டுபோனோம். ரிட்டர்ன் இப்போது ஒரு முழம். அதுவும் பம்பைச் சுற்றியுள்ள சிறு கிண்ணத்துக்குள் விழுவதால், பெட்ரோல் குறைவாக இருந்து வண்டி வளைவில் சாய்ந்தாலும் பம்ப் காற்றைக் குடிக்காது. முன்னால் போவது தேவையான பெட்ரோல் மட்டும். அது இன்ஜின் அருகே தேங்கிச் சூடாகாதிருக்க, கார்புரேட்டருக்கு முன் ஒரு ‘T’ வடிவ இணைப்பு, அதில் 1 மி.மீ. துளையுள்ள ஜெட், அங்கிருந்து அதே பழைய 6 மி.மீ. குழாய். அதன் வழியே மணிக்குப் பன்னிரண்டு லிட்டர் போல ஓடிக்கொண்டே இருக்கும். ஆவி உண்டானாலும் அதோடு போய்விடும். அழுத்தம் காட்டும் கேஜின் முள் 0.2 பாரில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. இந்த ஏற்பாட்டைப் பற்றி எவ்வளவு பெருமைப்பட்டாலும் தகும்.

முள் என்றதும் நினைவு வருகிறது: எந்தக் கடையில் கேட்டாலும் 0–10 பார் கேஜ்தான் நீட்டுகிறார்கள். 0.2 பாரை அதில் படிக்கவே முடியாது. 0–0.6 பார் கேஜ் கேட்டு வாங்குங்கள்.

ஹோஸ் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. டேங்குக்குள் மூழ்கும் ஹோஸ், எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) தரத்தில் ஜே30 ஆர்10 வகையாக இருக்க வேண்டும். ஒரு கடையில் ஆர்9-ஐக் கொடுத்து ‘எல்லாம் ஒன்றுதான்’ என்றார்கள். ஒன்றல்ல. ஆர்9-இன் உட்சுவர் பெட்ரோலைத் தாங்கும், வெளிச்சுவர் மூழ்கிக் கிடப்பதற்கு ஆனதல்ல. ஊறி உப்பி விரிசல் விட்டால் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே சுற்றும், கார்புரேட்டர் காயும். கிளாம்ப், பழைய பிராக்கெட் போன்றவற்றுக்கு உக்கடம் பழைய சாமான் கடைகள் போதும். ஹோஸை மட்டும் மேலே அச்சிட்ட வகைக்குறியைப் பார்த்து, புதிதாக வாங்குங்கள்.

உள்ளே போகும் வயருக்கு டெஃப்லான் உறை. டேங்க் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் எர்த் தனியாக இழுத்தாயிற்று. பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது) உள்ள பழைய வண்டிக்காரர்கள் கவனிக்க: வயர் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும்.

இதே பம்பை வைத்தே அடுத்து, கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் போட ஆசை. அப்போது ரெகுலேட்டரையும் ஹோஸ் இணைப்புகளையும் மாற்றி, ஜெட்டை அடைத்தால் போதும். அதற்கேற்ற இன்டேக் மேனிஃபோல்டை (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதியை) இப்போதே வரையத் தொடங்கிவிட்டேன்.

அதற்குமுன் இதில் ஒரு வேலை பாக்கி. இன்ஜின் நின்றால் மெக்கானிக்கல் பம்பும் நின்றுவிடும். மின்சாரப் பம்ப் தானாக நிற்காது. அதனால், இன்ஜின் நின்று ஆயில் அழுத்தம் இறங்கினால் பம்பும் நிற்கும்படி, ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியே ரிலே கொடுத்தாயிற்று. மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனெர்ஷியா சுவிட்சை டிக்கிச் சுவரில் பொருத்த வேண்டும். பிராக்கெட் தயார், துளை இன்னும் போடவில்லை.