சத்தகமும் சார்வோலையும்

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டபோது, மாட்ச் பற்றியும் பரிசளிப்பு விழா பற்றியும் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான் பெட்டி இழைத்த கதையை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இலங்கையில் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தோடு 'தொழில் முன்னிலைப் பாடம்' என்று ஒன்று வந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தந்த ஊர்த் தொழிலைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே பழக வேண்டும் என்பது எண்ணம். எங்கள் பக்கம் பனைக்கு என்ன பஞ்சம்? பனையோலை வேலை என்று முடிவாயிற்று. வீடுகளில் முகம் சுளித்தார்கள். "டொக்குத்தருக்குப் படிக்க வேண்டிய பிள்ளை கடகம் இழைக்கவோ பள்ளிக்கூடம் போகுது?" என்று என் அப்பாவே கேட்டார். கடகம் என்கிற பனையோலைக் கூடையை இழைப்பவர்கள் யார், வாங்குபவர்கள் யார் என்ற சாதிக் கணக்கும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கதைக்கு அர்த்தமில்லை.

பாடம் எடுத்த ரீச்சர் நல்லவர். ஆனால் அவருக்கும் ஓலை புதிது. கையேட்டைப் பார்த்துப் பார்த்துச் சொல்லித் தந்தார். குருத்தோலையை, அதாவது சார்வை, வெட்டி வெயிலில் காயவிட வேண்டும். பச்சை போய் வெளிறி வந்ததும் ஈர்க்கைக் கழித்து, சத்தகத்தால் ஒரே அகலத்தில் வார வேண்டும். சத்தகம் என்பது சின்னக் கத்தி. அதன் மறுமுனை கூராக இருக்கும், நார் நுழைக்கத் துளை போட அதுதான் உதவும். வார்ந்த ஓலை காய்ந்து முறுகிவிட்டால் மடிக்கும் இடத்தில் முறியும். அதனால் இரவு பனியில் போட்டோ, தண்ணீர் தெளித்தோ பதப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அடி பின்னுவது பெரிய வித்தை இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே, பாய் மாதிரித்தான். சதுரமாக அடி வந்ததும், இனிப் பெட்டியை எழுப்ப வேண்டும். அங்கேதான் வகுப்பு முழுவதும் நின்றுவிட்டது. கணக்கில் நூறு எடுக்கிறவர்களின் ஓலைகூடப் பாயாகவே கிடந்தது.

அப்போதுதான் பின்வாங்கிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். கேள்வி கேட்டால் தலையைக் குனிகிற பிள்ளை. தாயார் பெட்டி இழைத்துச் சந்தையில் விற்கிறவர். "ரீச்சர், மூலையை மூலையில எழுப்பேலாது" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. சதுரத்தின் மூலையை விட்டுவிட்டு, பக்கத்தின் நடுவில் அடுத்தடுத்து இருந்த இரண்டு ஓலைகளைப் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்கே போட்டு இறுக்கினாள். அந்த இடம் நிமிர்ந்தது. நான்கு பக்கத்திலும் அப்படியே செய்ய, நாங்கள் மூலை என்று நினைத்தவை சுவருக்குள் போய்விட்டன, நடுப்பகுதிகள் மூலைகளாகிவிட்டன! சுவரில் ஓலைகள் சாய்வாக ஓடின. அப்புறம் வாயருகே ஓலை நுனிகளை மடித்து, வந்த வழியே பின்னலுக்குள் செருகி, மிச்சத்தைச் சத்தகத்தால் சீவினாள்.

ரீச்சர் கையேட்டை மூடிவைத்துவிட்டு, "பிள்ளை, இனி நீயே காட்டு" என்றார். அந்தத் தவணை முழுவதும் பனையோலைப் பாடத்தை நடத்தியது அவள்தான். கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியிருந்த நாங்கள் அவளைச் சுற்றி நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தோம். அவளும் சளைத்தவள் இல்லை. பின்னல் தளர்ந்திருந்தால், "இதுக்குள்ள அரிசி போட்டா வழியெல்லாம் கொட்டுண்ணும்" என்று அவிழ்க்கச் சொல்லிவிடுவாள். கடகத்துக்கு விளிம்பில் பனை மட்டை நார் வைத்துப் பொத்தும்போது அவள் இழுத்த இழுப்பு எங்கள் ஒருவருக்கும் வரவில்லை.

இறக்குமதிக்குத் தடை இருந்த காலம் அது. மிளகாயும் வெங்காயமும் பயிர் செய்தவர்கள் கையில் காசு புரண்டது. தோட்டங்களுக்குக் கடகம் தேவைப்பட்டது. 1977இல் ஆட்சி மாறியதும் பழைய பரீட்சை முறை திரும்பி வந்தது, கடைகளுக்குப் பிளாஸ்டிக் வாளிகளும் வந்தன. ஓலைப் பாடத்தைத் தேடுவார் இல்லை. பிறகு வந்த போரில் பதுங்குகுழிக்கென்று எத்தனை பனைகள் தறிபட்டன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் டொக்டராகவும் இல்லை, பெட்டி இழைப்பவளாகவும் இல்லை. ஊரைவிட்டு வந்து இங்கே கணக்குப் பார்க்கும் வேலை. தமிழ்க் கடைகளில் பிட்டு அவிக்கிற ஓலைப் பெட்டியான நீத்துப்பெட்டியைக் கண்டால் மட்டும் கையில் எடுத்து மடிப்பைத் திருப்பிப் பார்ப்பேன். நுனியைச் செருகாமல் நூலால் தைத்திருந்தால் வாங்குவதில்லை. கடைக்காரத் தம்பிக்கு என்மேல் எரிச்சல்தான்.

பரிசளிப்பு விழாவில் அவள் பெயர் ஒருநாளும் வாசிக்கப்படவில்லை. கைப்பணிக்கு அங்கே பரிசே இல்லை. ஊரில் ஆண்டுதோறும் சங்கத்தின் பெயரில் நாம் கொடுக்கும் பரிசுகளில் கைப்பணிக்கும் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் கேட்கப்போகிறேன். வழிமொழிய ஆள் தேவை, வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள்.